பால் வண்டியும் அழகுத்தாய் டீக்கடையும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. ராஜபாளையத்துக் கல்லூரி மலர் ஒன்றுக்காக நான் எழுதத் தொடங்கிய கட்டுரை. நகரம் வளர்ந்தால் சுற்றியுள்ள ஊர்களுக்கும் வளம் பரவும் என்கிறது ஒரு கொள்கை. இல்லை, சுற்றியுள்ளதையெல்லாம் நகரம் உறிஞ்சிக்கொள்ளும் என்கிறது இன்னொன்று. எடுத்துக்காட்டுக்காக மம்சாபுரத்தில் ஒரு டீக்கடையை வைத்தேன். அழகுத்தாய் உள்ளே வந்து அடுப்பைப் பற்றவைத்தாள். கட்டுரை அத்தோடு படுத்துவிட்டது.

2

‘1987இல் மம்சாபுரம் ஒரு பின்தங்கிய...’

(அடித்துவிட்டேன். அவள் முகத்துக்கு நேரே இதைச் சொல்லிப் பாருங்கள், தெரியும்.)

சரி, இப்படி. 1987. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு வெளியூரில் கிராக்கி. பால் போதாத ஒரு வியாபாரி மம்சாபுரத்துக்கு வண்டி அனுப்ப யோசித்தார். ஊர்க்கூட்டத்தில் வண்டி வேண்டுமென்று உரக்கப் பேசியவளே அழகுத்தாய்தான். அவள் வீட்டிலும் கறவை மாடு நின்றது.

“நம்ம பாலுக்கும் ஒரு மருவாதி வரட்டுமே” என்றாள்.

வந்தது. கூரை வீடுகள் ஓட்டு வீடுகளாயின, பிள்ளைகள் காலில் செருப்பு ஏறியது. அதை மறைத்தால் நான் பொய்யன். ஆனால் வண்டிக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. ஊற்றினால் வீட்டுப் பால் முழுவதையும் ஊற்ற வேண்டும், இல்லையென்றால் அந்த வீட்டில் எடுக்கமாட்டார்கள். அழகுத்தாய் வீட்டுப் பாலும் முழுக்க வண்டிக்கே போனது. ஊரில் டீக்குப் பால் இல்லை. மில்லுக்குப் போகிறவர்கள் ராஜபாளையத்தில் இறங்கியே டீ குடித்துக்கொண்டார்கள்.

“மாட்டுக்காரி கடையில பாலில்லாத டீன்னா ஊரு சிரிக்காதா?” என்றார் அவள் கணவர் மலைச்சாமி.

“வண்டியக் கூப்பிட்டவ நாந்தான. யாரப் போயி நோவ?”

(மலைச்சாமியை வில்லனாக்கப் பார்த்தேன். ஒத்துவரவில்லை. மாட்டுக்குப் புல் அறுக்கவே அவருக்கு நேரம் சரியாக இருந்தது.)

3

மாடு கன்று போட்டது. சீம்பால் காய்ச்சினால் திரிந்துவிடும், வண்டி எடுக்காது. அதை விற்பதும் அங்கே வழக்கமில்லை, அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பதுதான். அழகுத்தாய் கருப்பட்டி போட்டுக் காய்ச்சி, வீடு வீடாக அனுப்பாமல் கடையில் வைத்தே கொடுத்தாள். பெஞ்சு நிறைந்தது. இடமில்லாதவர்கள் குத்தவைத்துச் சாப்பிட்டார்கள்.

“எம்புட்டு நாளாச்சு, இப்பிடி உக்காந்து பேசி” என்றாள் பக்கத்து வீட்டுச் சண்முகத்தாய்.

அழகுத்தாய் அவளுக்கு இன்னொரு கரண்டி வைத்துவிட்டு, நிறைந்த பெஞ்சையே பார்த்து நின்றாள். கடையின் மேல் அவளுக்கு இவ்வளவு பிரியம் என்று எழுதுகிற எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

“இனிமே வண்டிக்கு ஊத்த வேண்டாங்கியா?” என்று கேட்டார் மலைச்சாமி.

“தெரியல. நம்ம வீடு இன்னும் கூரைதான். அதையும் நெனைக்கேன், கடையையும் நெனைக்கேன்.”

4

சீம்பால் நின்று பால் தெளிந்துவிட்டது, இனி வண்டி எடுக்கும். நான் எழுதிப் பார்த்த முடிவுகள் இவை. பாலை வண்டியில் ஊற்றிவிட்டுக் கடையை மூடுகிறாள். ஊற்றாமல் கடையை நடத்துகிறாள், கூரை ஒழுகுகிறது. அல்லது ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கே கடையைக் கொண்டுபோய்... (இதைப் பாதியில் விட்டேன். அங்கே சண்முகத்தாய் எப்படி வருவாள்?) மூன்றுக்கும் விளக்கம் சொல்லக் கொள்கை இருக்கிறது. எதைச் செய்யலாம் என்று கேட்டால் ஒன்றும் வாய் திறக்கவில்லை.

வெளியே வண்டி ஹாரன் அடிக்கிறது. அழகுத்தாய் தூக்குவாளி நிறையப் பாலோடு வாசலில் நிற்கிறாள். பெஞ்சில் நீங்கள். பால் டீ வேறு கேட்டுவிட்டீர்கள். இனி இது என் பொறுப்பில்லை.

அவள் வண்டியைப் பார்க்கிறாள், உங்களைப் பார்க்கிறாள்.

“செத்த நேரம் இருங்க” என்கிறாள். “பால் இருக்கான்னு பாத்துச் சொல்லுதேன்.”