பெரியவள் பிடித்த கை

தெருவில் யாரைக் கேட்டாலும் அந்த பார்லருக்கு 'அக்கா தங்கச்சி கடை' என்றுதான் பெயர். வாசல் பலகையில் வேறு என்னவோ எழுதியிருந்தது. அதை ஒருவரும் சட்டை செய்யவில்லை. அக்காவைப் பெரியவள் என்றும் தங்கையைச் சின்னவள் என்றும் வாடிக்கைக்காரர்களே கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடைசியில் அதுவே நிலைத்துவிட்டது. பெரியவளுக்கு வாய் ஓயாது, சின்னவளுக்குக் கை ஓயாது. முடி வெட்டிக்கொள்ள வருகிறவர்கள் சின்னவளிடம் தலையைக் கொடுத்துவிட்டு, பெரியவளிடம் காதைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

பெரியவள் போன பிறகு கடையில் ஹேர் டிரையரின் இரைச்சல் மட்டும்தான்.

சின்னவள் எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான் போட்டாள். வியர்வையில் துணி கையோடு ஒட்டும்போது, அக்குளிலிருந்து முழங்கை வரை இடது கையின் உட்பக்கம் நமைச்சல் எடுக்கும். சாதாரண நமைச்சல் இல்லை. உள்ளே எறும்புப் புற்று உடைந்தது போல இருக்கும். சீப்பைக் கீழே வைத்துவிட்டுப் பின்னறைக்குப் போய்ச் சட்டையைக் கழற்றிப் பார்ப்பாள். சிவந்து தடித்து, கயிறு ஒன்றைத் தோலுக்கடியில் வைத்துத் தைத்தது போல் கிடக்கும் தழும்பு. அதே நாளில், அதே டாக்டர் தைத்த வலது கையில் மெல்லிய வெளிறிய கோடு மட்டும்தான் இருந்தது.

இடது கைதான் பெரியவள் பிடிக்கும் கை. சாலையைக் கடக்கும்போதும், மாடிப்படி ஏறும்போதும், கூட்டத்தில் நடக்கும்போதும், தங்கையின் இடது கையை அக்குளுக்குக் கீழே வளைத்துப் பிடித்துக்கொள்வாள். சின்னவளுக்கு நாற்பது வயதான பிறகும் அந்தப் பிடி விடவில்லை. "நான் என்ன ஓடியா போயிடப் போறேன்?" என்று சின்னவள் உதறுவாள். "ஓடுவ, உன்ன எனக்குத் தெரியாதா?" என்று பெரியவள் இன்னும் இறுக்குவாள்.

இப்போது அந்தப் பிடி விழித்திருக்கும் நேரமெல்லாம் இருந்தது. தழும்பு இழுக்கிறது என்று புத்தி சொல்லும். விரல்கள், தெரிந்த விரல்கள் என்று மனசு சொல்லும். சில மதியங்களில், கண்ணாடிக்கு முன்னால் யாருடைய தலைக்கோ சாயம் தடவிக்கொண்டிருக்கும்போது, முதுகுக்குப் பின்னால் பெரியவளின் செருப்புச் சத்தம் கேட்கும். தேய்த்துத் தேய்த்து நடக்கும் அந்த நடை. சின்னவள் கண்ணாடியில் நிமிர்ந்து பார்க்கமாட்டாள். பார்த்தால் இருந்துவிடுமோ என்று ஒரு பயம். இல்லாமல் போய்விடுமோ என்று அதைவிடப் பெரிய பயம்.

எல்லாம் அந்தக் கைகளால் வந்தது. இரண்டு பேரும் குண்டாக இருந்தவர்கள். சர்க்கரை ஏறுகிறது என்று டாக்டர் மிரட்டியதில், பெரியவள் சாப்பாட்டைக் குறைத்து நடக்க ஆரம்பித்தாள். தங்கையையும் இழுத்துக்கொண்டு நடந்தாள். உடம்பு இளைத்தது. தோல் இளைக்கவில்லை. கையைத் தூக்கி வேலை செய்யும் தொழிலில், எதிரே ஆளுயரக் கண்ணாடி வேறு. மேல்கைச் சதை தொளதொளவென்று தொங்குவதை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். பெரியவள் அதையும் சிரிப்பாக்கிவிடுவாள். "கைய ஆட்டினா காத்து வருது பாரு, ஃபேனே வேணாம்" என்பாள். எல்லாரும் சிரித்து முடித்ததும், யாரும் பார்க்காதபோது துப்பட்டாவை இழுத்து மூடிக்கொள்வாள்.

ஆபரேஷன் யோசனை அவளுடையது. தொங்கும் தோலை வெட்டி எடுத்துவிட்டுத் தைப்பார்களாம்.

"நீ வரலன்னா நானும் போகல" என்றாள். "ரெண்டு பேரும் ஒண்ணா பண்ணிக்கலாம். பயந்தாங்கொள்ளி, வா."

ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். இரண்டு பேருக்கும் இரண்டு கையிலும் தோளிலிருந்து முழங்கை தாண்டிக் கட்டு. "ரெண்டு பொம்ம மாதிரி கிடக்கோம்டி" என்று பெரியவள் சிரித்தாள். மறுநாள் காலையில் கழிப்பறைக்குப் போக எழுந்தவள் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மூச்சு வாங்குதுடி."

அவ்வளவுதான். சரிந்தாள். சின்னவள் எழுந்துவிட்டாள், எட்டும் தூரத்தில்தான் இருந்தாள். கட்டுப் போட்ட கைகள் மேலே வரவில்லை. மார்பைக் கொடுத்துத் தாங்கப் பார்த்தாள். பெரியவள் அவள்மேல் வழுக்கித் தரையில் விழுந்தாள். காலில் உறைந்த ரத்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்துவிட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

துக்க வீட்டில் பெரியவளின் மகள், இருபத்திரண்டு வயதான பிறகும் எல்லாருக்கும் 'குட்டி'யாக இருந்தவள், கூடத்தின் நடுவில் நின்று கத்தினாள். "நீங்கதான் கூட்டிட்டுப் போனீங்க! உங்களுக்குத்தான் அழகு வேண்டியிருந்துது! அம்மாவ ஏன் இழுத்தீங்க?"

அங்கிருந்தவர்கள் சின்னவளைப் பார்த்தார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை. தாயை இழந்து நிற்கிற பெண்ணிடம், உன் அம்மாதான் என்னை இழுத்துக்கொண்டு போனாள் என்று எப்படிச் சொல்வது? பழி தன் தலையிலேயே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள். அதன் பிறகு குட்டி அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை.

தழும்பு வளர்ந்தது. தடிப்பு அக்குளுக்குள் ஏறி, கயிறு போட்டுக் கட்டியது போல் இறுக்கியது. கையைத் தோளுக்கு மேல் தூக்கினால் உயிர் போய் உயிர் வரும். ஒருநாள் ஒரு பெண்ணுக்குக் காதோரம் வெட்டிக்கொண்டிருந்தபோது, இடது கை சட்டென்று இழுத்துக்கொண்டது. கத்தரி நழுவிக் காது மடலைக் கிழித்துவிட்டது. சின்னவள் ஓடிப்போய்ப் பஞ்சை எடுத்து வந்து கொடுத்தாள். கையை இறுக்கிப் பிடித்தது யார் என்று தனக்குத் தெரியும் என்றே நம்பினாள்.

"விடுக்கா" என்றாள், சத்தமாகவே. "வேல செய்ய விடு."

காதில் பஞ்சை அழுத்திக்கொண்டிருந்த பெண் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு எழுந்து போனாள்.

இந்தச் செய்தி எந்த வழியாகப் போனதோ, இரண்டு நாள் கழித்துக் குட்டி கடை வாசலில் வந்து நின்றாள். இளைத்திருந்தாள். உள்ளே வந்தாள், உட்காரவில்லை.

"கைய காட்டுங்க சித்தி."

"ஒண்ணும் இல்லம்மா."

"காட்டுங்கன்னு சொல்றேன்ல."

அம்மாவின் அதே அதட்டல். சின்னவள் சட்டைக் கையை உருட்டினாள். குட்டி வெகுநேரம் பார்த்தாள். ஒரு விரலால் தொட்டாள், சூடு பட்டது போல் எடுத்துக்கொண்டாள்.

"அம்மாவுக்கும் இப்படித்தான் ஆகியிருக்குமா?"

"தெரியல குட்டி. ஒவ்வொருத்தர் உடம்பு ஒரு மாதிரி."

"கடைய மூடுங்க. டாக்டர்கிட்ட போலாம்."

தோல் டாக்டர் தலை நரைத்த பெண். சுற்றி வளைக்காமல் பேசினாள். கையை வெளிச்சத்தில் வைத்து, தடிப்பை அழுத்திப் பார்த்து, தூக்கச் சொன்னாள். கை தோள் மட்டத்தில் நின்றுவிட்டது.

"ஏம்மா இவ்வளவு நாள் வச்சிருந்தீங்க?"

சின்னவள் சட்டைக் கையை இறக்கிவிடப் பார்த்தாள்.

"சரி. மொதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். தழும்ப அழிக்க முடியாது. அழிச்சுத் தர்றேன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஆனா அடங்க வைக்கலாம். சிலிகான் பட்டை இருக்கு, தினமும் ஒட்டி வைக்கணும். பொறுமை வேணும். இவ்வளவு தடிச்சதுக்கு அது மட்டும் போதாது. தழும்புக்குள்ளயே ஸ்டீராய்டு ஊசி போடணும், மாசத்துக்கு ஒருக்கா. நமைச்சல் கொறையும், தடிப்பு எறங்கும். செவப்பு போகலன்னா அப்புறம் லேசர் பாக்கலாம்."

"வெட்டி எடுத்துட முடியாதா டாக்டர்?" என்றாள் குட்டி.

"இந்த மாதிரி தழும்ப வெட்டினா, அத விடப் பெருசா வளர்ந்து வந்து நிக்கும். அவசரப்பட்டா மோசம். அக்குள்ல இழுக்குற எடத்துல மட்டும் பின்னால சின்னதா ஒரு ஆபரேஷன் பண்ணலாம். தோல வளைச்சு வெட்டி எடம் மாத்தித் தைச்சா, இழுக்கறது விட்டுடும். அதுவும் தழும்பு கொஞ்சம் அடங்கின பெறகு."

ஆபரேஷன் என்ற வார்த்தையில் சின்னவளின் முகம் பேயறைந்தது போல் ஆனது. டாக்டர் கவனித்தாள்.

"மொத ஆபரேஷன் ஏன் பண்ணிக்கிட்டீங்க? நீங்களா ஆசைப்பட்டதா, யாராவது சொன்னாங்களா? சும்மா கேக்கல. மறுபடி செய்யறதுக்கு மனசு தயாரான்னு எனக்குத் தெரியணும்."

சின்னவள் குட்டியைப் பார்க்காமல் சொன்னாள். "நான்தான் ஆசைப்பட்டேன். எங்க அக்காவையும் நான்தான் கூட்டிட்டுப் போனேன்."

குட்டி சொன்னாள்.

"பொய் சொல்லாதீங்க சித்தி."

சின்னவள் திரும்பினாள்.

"எனக்குத் தெரியும். வீட்ல அம்மா ஒரு மாசமா இதே பேச்சுதான். 'அவ வரமாட்டேங்குறா, நான் எப்படியாவது சம்மதிக்க வச்சிடுவேன்'னு சொல்லிட்டே இருந்தாங்க. நான் அன்னிக்குக் கத்தினப்பவும் எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமா..."

"அம்மாவத் திட்ட முடியல. திட்டறதுக்கு உசுரோட நீங்க மட்டும்தான் இருந்தீங்க."

டாக்டர் எழுந்து, கை கழுவுகிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சின்னவளுக்குக் கோபம் வந்தது. இத்தனை மாதத்தில் முதல் தடவையாக வந்த கோபம். ஆனால் அது குட்டியிடம் போய் நிற்கவில்லை. அவளைத் தாண்டி, செருப்பைத் தேய்த்து நடப்பவளிடம் போனது. நீதானே வா வா என்றாய், பிறகு ஏன் பாதியில் போனாய் என்று கேட்கத் தோன்றியது. கேட்க ஆளில்லை.

"ஊசிய இன்னிக்கே போடுவீங்களா?" என்றாள் டாக்டரிடம்.

ஊசி போட்டுக்கொள்வது லேசாக இல்லை. தடித்த தோல் மருந்தை உள்ளே விடாமல் முரண்டு பிடித்தது. ஒவ்வொரு குத்திலும் கையைச் சுற்றியிருந்த பிடி இறுகுவது போலவே இருந்தது. யாரோ விடமாட்டேன் என்கிறார்கள், யாரோ பிரிக்கிறார்கள். போதும் என்று சொல்ல வாயெடுத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மாதாமாதம் போனாள். குட்டி ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு போவாள். இருவரும் வழியில் அதிகம் பேசுவதில்லை. தினமும் காலையில் கையைக் கழுவித் துடைத்து சிலிகான் பட்டையை ஒட்டிக்கொள்வாள். முதலில் நமைச்சல் விட்டது. பிறகு தடிப்பு தணிந்தது. கயிறு போல் இருந்தது நூல் போல் ஆகாவிட்டாலும், நாடா போல் தட்டையானது. ஆனால் செருப்புச் சத்தம் மட்டும் நிற்கவில்லை. முன்பைவிட அருகில் கேட்டது. கதவருகில் கேட்டுக்கொண்டிருந்தது நாற்காலிக்குப் பக்கத்தில் கேட்டது. தலை கழுவும்போது, தண்ணீர் ஓசைக்கு அடியில் "மூச்சு வாங்குதுடி" என்று தெளிவாகவே கேட்டது ஒருமுறை. வாடிக்கைக்காரி கண்ணை மூடிச் சுகமாகப் படுத்திருந்தாள். சின்னவள் குழாயை மூடிவிட்டு, கொஞ்ச நேரம் அசையாமல் நின்று, மறுபடி திறந்தாள்.

அக்குளில் இழுப்பு மட்டும் போகவில்லை. ஒரு வருடத்துக்குப் பிறகு, டாக்டர் தனக்குத் தெரிந்த சர்ஜனிடம் அனுப்பிவைத்தாள். அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து வெட்டுவார்களாம். மயக்கம் கிடையாது.

"முழிச்சிருப்பீங்க" என்றார் சர்ஜன். "முடிஞ்ச உடனே நடந்தே வீட்டுக்குப் போலாம்."

நடந்தே என்ற வார்த்தைதான் அவளைச் சம்மதிக்க வைத்தது.

மேசையில் படுத்ததும் பச்சைத் துணியால் முகத்துக்கும் கைக்கும் நடுவில் மறைப்பு கட்டினார்கள். வலி இல்லை. இழுப்பதும் தைப்பதும் மட்டும் எங்கோ தூரத்தில் நடப்பது போல் தெரிந்தது. சின்னவள் வலது பக்கம் தலையைத் திருப்பினாள். அங்கே வெறும் சுவர்தான். ஆனாலும் பக்கத்தில் ஒரு கட்டில் இருப்பதும், அதில் ஒரு உடம்பு புரண்டு படுப்பதும் அவளுக்குத் தெரிந்தது.

"பயமா இருக்காடி?"

"இருக்கு" என்றாள் சின்னவள்.

"என்னம்மா?" என்றாள் நர்ஸ்.

"ஒண்ணும் இல்ல." பிறகு, உதடு மட்டும் அசைய, சுவர்ப் பக்கம் பார்த்துச் சொன்னாள். "அன்னிக்குக் கை வரலக்கா. தூக்கத்தான் பாத்தேன். வரல."

மூச்சுச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. யோசித்தால், அது அவளுடையதாகவும் இருக்கலாம். சர்ஜன் முடிந்தது என்றார். வெளியே குட்டி நின்றுகொண்டிருந்தாள். உட்கார நாற்காலி இருந்தும் உட்காரவில்லை என்று தெரிந்தது. சின்னவள் நடந்து வருவதைப் பார்த்ததும் சுவரில் சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

தையல் பிரித்து, புண் ஆறி, டாக்டர் சொன்ன பயிற்சிகளை முடித்து, ஒரு முற்பகலில் கடையைத் திறந்தாள். யாரும் வந்திருக்கவில்லை. மேல்தட்டில் இருந்த ஷாம்பு டப்பாவை எடுக்கக் கையை நீட்டினாள். இடது கை. தோளைத் தாண்டி, காதைத் தாண்டி, தலைக்கு மேலே நேராகப் போய் நின்றது. எங்கும் இழுக்கவில்லை. யாரும் பிடிக்கவில்லை.

கையை இறக்காமலே நின்று காதைத் தீட்டிக் கேட்டாள். தெருவில் ஏதோ வண்டி போயிற்று. பின்னறையில் குழாய் சொட்டியது. தேய்த்து நடக்கும் ஓசை இல்லை. கண்ணாடியில் நிமிர்ந்து பார்த்தாள். கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் ஒருத்தி. சட்டை நழுவிய இடத்தில் பழுப்பேறிய அகலக் கோடு. அவளுக்குப் பின்னால் வெறும் அறை.

"அக்கா" என்று கூப்பிட்டாள். சற்றுப் பொறுத்து மறுபடியும் கூப்பிட்டாள்.

பிறகு டப்பாவை நெஞ்சோடு அணைத்தபடி தரையில் உட்கார்ந்து அழுதாள். ஆஸ்பத்திரியிலும் துக்க வீட்டிலும் வராத அழுகை, குலுங்கிக் குலுங்கி வந்தது. வாடிக்கைக்காரர்கள் யாரோ கண்ணாடிக் கதவைத் தட்டினார்கள். "வர்றேன், ஒரு நிமிஷம்" என்று குரல் கொடுத்தாள். எழுந்திருக்க அவளுக்கு இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது.