மறுப்பு வந்த நாள்

கட்டுரையின் முதல் பக்கத்தைத் திருப்பும்போதே மகள் பொய்யைத் தயார் செய்துவிட்டாள். நாற்காலியைக் கட்டிலின் வலது பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அப்பாவுக்கு இடது காது கேட்காமல் போய் வருஷக்கணக்காகிறது. இப்போது கண்ணும் போய், மூச்சும் மூக்கில் செருகிய குழாயின் தயவில் ஓடிக்கொண்டிருந்தது. புத்தி மட்டும் இன்னும் யாருக்கும் அடங்கவில்லை.

"என்ன எழுதியிருக்காங்க அந்தம்மா?"

"ரொம்ப நல்லா எழுதியிருக்காங்கப்பா. இந்தச் சின்னப் புத்தகம் எங்களுக்கு ஒரு புது வெளிச்சம்னு ஆரம்பிக்கறாங்க."

அப்படி ஒரு வரி அந்தக் கட்டுரையில் எங்கேயும் இல்லை. கடல் தாண்டி, வேறொரு கண்டத்தில் தத்துவம் கற்பிக்கும் அந்தப் பேராசிரியை, 'இந்த வாதம் அடிப்படையிலேயே தவறு' என்று ஆரம்பித்து, அப்பாவை வரிவரியாகப் பிரித்து மேய்ந்திருந்தார்.

அப்பா கல்லூரியில் தத்துவம் சொல்லிக்கொடுத்தவர். வாழ்நாளில் எழுதியது ஒரே ஒரு புத்தகம். அதுவும் சட்டைப் பைக்குள் அடங்கிவிடும். அதில் அவர் சொன்னது இதுதான். கொடுத்த வாக்கு, கொடுத்தவருக்குச் சொந்தமில்லை, பெற்றவருக்கே சொந்தம். பெற்றவர் நினைத்தால் அதை விட்டுக்கொடுக்கலாம். அவர் செத்துப்போனால் வாக்கும் அவரோடு போய்விடும். இறந்தவருக்குக் கொடுத்த வாக்கு யாரையும் கட்டாது.

சொந்த ஊரில் இதை ஒருவரும் சீண்டவில்லை. பிழைப்புக்காகக் கடல் கடந்து போன பழைய மாணவன் ஒருவன் அந்நாட்டு மொழியில் அதைப் பெயர்த்து வெளியிட, அங்கே பிடித்துக்கொண்டது. ஆனால் பிடித்துக்கொண்ட விதம்தான் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. பற்றறுத்த ஞானம், தொலைதூரத்து அமைதி என்று ஆளாளுக்கு உருகினார்கள்.

"கணக்கு மாதிரி ஒரு வாதம் எழுதினேன். தப்புன்னா தப்புன்னு சொல்லணும். இவங்க என்னடான்னா கண்ணை மூடிக்கிட்டுத் தலையாட்டறாங்க. என்னை ஞானின்னு சொல்ற ஒருத்தரும் என்னைப் படிக்கல" என்று பொருமுவார்.

அந்த மொழி அவருக்குத் தெரியாது. மகளுக்குத் தெரியும். துணி துவைக்கும் இயந்திரங்களின் கையேடுகளை அதிலிருந்து மொழிபெயர்ப்பதுதான் அவள் பிழைப்பு. அங்கிருந்து வருகிற கட்டுரைகளை அவள்தான் படித்து, வாய்மொழியாக அவருக்குச் சொல்வாள். இந்த முறையாவது எதிர்த்துப் பேச ஓர் ஆள் கிடைக்காதா என்று ஒவ்வொரு தடவையும் அவர் காதைத் தீட்டிக்கொண்டு உட்காருவார். அது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் சாகக் கிடக்கிற மனிதரிடம், நீங்கள் ஆயுசெல்லாம் கட்டிக் காத்தது தவறு என்று எந்த வாயால் சொல்வது? அவளுக்கு மனசு வரவில்லை.

பாராட்டைக் கேட்கக் கேட்க அப்பாவின் முகம் தொங்கிப்போயிற்று.

"மறுபடியும் ஞானிதானா?"

"ஆமாப்பா."

அவர் கையை நீட்டி அவள் மடியில் இருந்த தாள்களைத் தடவினார். அந்தத் தாள்கட்டை இரண்டு விரலால் பிடித்து அதன் பருமனைப் பார்த்தார்.

"இவ்வளவு தடிமனா யாரும் பாராட்ட மாட்டாங்களேம்மா. பாராட்டறவங்களுக்கு ரெண்டு பக்கத்துலயே மூச்சு வாங்கிடும்."

அவள் தாள்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"வாஷிங் மெஷினுக்கெல்லாம் ஒரு எழுத்து பிசகாம எழுதற. அப்பாவுக்கு மட்டும் ஏன் கலப்படம் பண்ற?" சிரிக்கப் பார்த்தார். இருமல்தான் வந்தது. அடங்கியதும் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "சாயங்காலம் கொஞ்சம் தெம்பு வந்துடும். உள்ளதை உள்ளபடி படிக்கணும். வாக்கு குடுக்கறியா?"

"குடுக்கறேன்பா."

"திட்டியிருக்காங்களா? அதை மட்டும் இப்ப சொல்லிடேன்."

"எல்லாம் சாயங்காலம். இப்ப தூங்குங்க."

சரி என்று கண்ணை மூடிக்கொண்டார். மறுநாள் வெளியூர் போகப்போகிற குழந்தையின் முகம் மாதிரி இருந்தது அது.

சாயங்காலம் வரைக்கும் அவர் இருக்கவில்லை. மதியம், வெந்நீரில் துணியை நனைத்து அவர் உதட்டைத் துடைக்கப் போன அம்மாதான் பார்த்தாள். அப்போதும் துணியைப் பிழிந்து, உதட்டை நன்றாகத் துடைத்து முடித்துவிட்டுத்தான் மகளைக் கூப்பிட்டாள்.

மறுநாள் காலை வீடு கொள்ளாமல் ஆட்கள். வண்டி வர இன்னும் நேரமிருந்தது. அப்பாவை இஸ்திரி போட்ட சட்டையோடு கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். மகள் சமையலறையில் கழுவிய டம்ளர்களையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர் குடிக்க வந்த சித்தப்பா குழாயை மூடினார். அவர் அப்பாவின் ஒரே தம்பி. அண்ணன் புத்தகத்தைக் கிண்டலடித்தே காலம் தள்ளியவர். ஆனால் அதைப் படித்துவிட்டுக் கிண்டலடித்த ஒரே ஆளும் அவர்தான். அவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"ஒரே ஒரு வார்த்தை கேட்டார், சித்தப்பா. ஆமா, திட்டியிருக்காங்கன்னு சொல்லியிருந்தா சந்தோஷமாப் போயிருப்பார். எத்தனை வருஷம் அதுக்காகக் காத்துக்கிட்டிருந்தார்! கைக்கு வந்ததை நான் தட்டிவிட்டுட்டேனே." மேடையில் தலையைச் சாய்த்து விம்மி விம்மி அழுதாள்.

சித்தப்பா அவள் முதுகில் கை வைத்தார். "அழாதடா. வாக்குதானே குடுத்த? உங்கப்பா சட்டப்படி உனக்கு விடுதலை. வாங்கினவர் போயாச்சு, வாக்கும் போயாச்சு. அவரே எழுதி வெச்சதுதானே?" சொல்லிவிட்டு அவரே முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினார்.

அவர் சொன்னதில் பிழையில்லை. அப்பாவின் வாதத்தில் ஓட்டை எங்கே என்று அவளால் சொல்ல முடியவில்லை. அந்தப் பேராசிரியையும் கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வியைத்தான் கேட்டிருந்தார்: 'அப்படியானால் செத்தவர்களுக்குச் சொன்ன சொல் ஏன் நம்மை உட்காரவிடாமல் துரத்துகிறது?' நேற்று அந்த வரியைக் கண்ணால் கடந்து போனவள், இன்று அங்கேயே நின்றுவிட்டாள்.

கையைத் துடைத்துக்கொண்டு, அறைக்குள் போய்க் கட்டுரையை எடுத்து வந்தாள். கூடத்தில் அப்பாவின் தலைமாட்டில், ஒரு பக்கம் அம்மா உட்கார்ந்திருந்தாள். மறுபக்கம் காலியாக இருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்து, குனிந்து அவர் காதருகே முணுமுணுப்பாகப் படிக்க ஆரம்பித்தாள். இந்த முறை எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. 'இந்த வாதம் அடிப்படையிலேயே தவறு. எங்கே தவறு என்பதைப் படிப்படியாகக் காட்டுகிறேன்.' பிரார்த்தனை என்று நினைத்து இரண்டு மூன்று பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "என்னடி படிக்கற?"

"அப்பா சொன்னது தப்புன்னு எழுதியிருக்காங்கம்மா. அவருக்குப் படிச்சுக் காட்டறேன்னு சொல்லியிருந்தேன்."

சித்தப்பா பதறிப்போய், "இப்பப் போயா..." என்று வந்தார். அம்மா கையைக் காட்டி அவரை நிறுத்தினாள். கணவரின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவருடைய சட்டைக் காலரை ஒருதரம் நீவிவிட்டு, தன் நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டாள்.

"அந்தக் காது கேக்காதுடி. இந்தப் பக்கம் வா."

வாசலில் வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு வர சித்தப்பா வெளியே போனார். மகள் தாள்களை அடுக்கிக்கொண்டு சுற்றி வந்து, அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்தாள். முதல் வரியிலிருந்து மறுபடியும் தொடங்கினாள்.