சங்கு வரைக்கும் ஜெயவேல்

ராயபுரத்தில் கடலைப் பார்த்து நிற்கும் எங்கள் கல்லூரியின் பாஸ்கெட்பால் டீம் ஐம்பத்து மூன்றாம் வருஷம் ஆடிய லட்சணத்தை ஒரே வரியில் சொல்லிவிடலாம். சங்கு ஊதும்வரை ஜெயித்துக்கொண்டிருப்போம், ஊதிய பிறகு தோற்றுப்போவோம்.

சங்கு என்றால் பக்கத்து எண்ணெய் மில்லின் சங்கு. ஐந்து மணிக்கு ஒரு தரம் ஊதும். தினக்கூலி ஆட்களை எடுத்து முடித்துக் கேட்டைச் சாத்தும்போது மறுபடி ஊதும். எங்கள் டீமிலேயே உருப்படியாக ஆடத் தெரிந்த ஜெயவேல் அந்த மில்லில்தான் ராத்திரி மூட்டை தூக்கினான். முதல் சங்கு கேட்டதும் பந்தைப் போட்டுவிட்டு, கேன்வாஸ் பூட்ஸைக் கழற்றி என்னிடம் எறிந்துவிட்டு, வெறுங்காலோடு ஓடுவான். அதே பூட்ஸை மாட்டிக்கொண்டு அவன் இடத்தில் நான் இறங்குவேன். நான் கலீலுல்லா, வண்ணாரப்பேட்டை தோல் கமிஷன் கடைக்காரர் மகன், கூடையைத் தவிர எங்கே வேண்டுமானாலும் பந்து போடக்கூடியவன். அதன் பிறகு தோற்பது எங்கள் பொறுப்பு.

வெளி மைதானம் என்றால் இன்னும் மோசம். சங்கு கேட்காவிட்டாலும் அவன் இடைவேளையோடு கிளம்பிவிடுவான். எழும்பூரில் தோற்றோம், தாம்பரத்தில் தோற்றோம், எங்கள் சொந்த சிமெண்டுத் தரையிலும் தோற்றோம். எங்கள் கூடைக்கு வலை வாங்கித்தர கல்லூரிக்கு மனசில்லை. காசிமேட்டு மீன்வலைத் துண்டு ஒன்றைக் கட்டியிருந்தோம். உப்புக் காற்றில் அது விறைத்துப்போய், விழுந்த பந்தைக் கீழே விடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். குதித்துத் தட்டிவிட வேண்டும். தோற்கப்போகிற ஆட்டத்தில் அதற்காகக் குதிப்பதைப் போல வெறுத்துப்போகிற காரியம் கிடையாது.

ஜெயவேலின் நைனா துறைமுகத்தில் மூட்டை தூக்கி இடுப்பு போனவர். வியாசர்பாடி வீட்டில் பவுனம்மாள், அவன் அம்மா, பல வீடுகளில் பாத்திரம் தேய்த்தாள். பகலில் பி.ஏ. வகுப்பில் ஜெயவேல் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவான். வாத்தியார்கள் அவனை விட்டுவிட்டார்கள்.

சீசனின் கடைசி மேட்சுக்கு முன்னால் எங்கள் பி.டி. மாஸ்டர் தேவப்பிரியம் ஒரு செய்தி கொண்டுவந்தார். பாரிமுனையில் உள்ள ஒரு கப்பல் கம்பெனி தன் டீமுக்கு ஆள் தேடுகிறது. எடுத்தால் குமாஸ்தா வேலை, நாற்காலி, மின்விசிறி. கம்பெனி ஆபீஸர் லோகநாதன் நம் மேட்சைப் பார்க்க வருகிறார், ஜெயவேலைப் பார்க்கத்தான் வருகிறார்.

"மூட்ட தூக்கறது இத்தோட போச்சு மாமு," என்றான் ஜெயவேல் என்னிடம். சிரித்தான்கூட. அந்த வருஷத்தில் அவன் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

மேட்ச் நாலு மணிக்கு. எதிர் டீம் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் கூட்ஸ் வண்டிக்காகக் காத்துக் கிடந்து, வந்து சேரவே நாலரை ஆகிவிட்டது. லோகநாதன் அதற்கும் முன்பே வந்து, மடியில் குடையை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

ஆட்டம் தொடங்கியது. ஜெயவேல் ஆடவில்லை! நடந்தான். பந்து கிடைத்தால் பக்கத்து ஆளுக்குக் கொடுத்தான், ஓட வேண்டிய இடத்தில் நின்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"டேய் கஸ்மாலம், இன்னாடா ஆச்சு உனுக்கு? அந்தாளு பாத்துகினு கீறாரு!" என்று கோட்டுக்கு வெளியிலிருந்து கத்தினேன்.

அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சங்கு ஊதியது. நான் வழக்கம்போல வெறுங்காலோடு கோட்டில் போய் நின்று பூட்ஸுக்காகக் கையை நீட்டினேன்.

"நீ குந்து மாமு," என்றான். "இன்னிக்கு நான் போவல."

"மதார் சாகிப் இன்னா சொன்னாரு? ஒரு நாள் வரலன்னா வேற ஆளுன்னு சொல்லிகீறாருல்ல?" மதார் சாகிப் மில் மேஸ்திரி. வாயால் சொன்னால் சொன்னதுதான்.

"வெச்சிக்கட்டும். முழு மேட்ச்சும் ஆடணும்னுதான் மூச்ச சேத்து வெச்சிருந்தேன். நேத்து ராத்திரி மூட்ட ஒடம்ப முறிச்சிட்ச்சு. மில்லுக்குப் போவலன்னு சார் கிட்ட சொல்லியிருந்தா தடுத்திருப்பாரு. இப்போ பாரு."

பார்த்தேன். என்னவென்று சொல்வது! பந்தை எடுத்துக்கொண்டு மூன்று பேருக்கு நடுவே நுழைந்து, அந்தப் பாழாய்ப்போன மீன்வலையில் போட்டு, சிக்கிய பந்தைத் தானே குதித்துத் தட்டிவிட்டு, மறுபடி ஓடினான். அவனைப் போல ஒருத்தன் எங்கள் மைதானத்தில் ஆடுகிறான் என்று யாரிடமாவது சொல்லத் தோன்றியது. லோகநாதன் முகத்தைப் பார்க்கலாம் என்று திரும்பினேன்.

நாற்காலி காலியாக இருந்தது.

"சார், ஆபீஸர் எங்க சார்?"

ஜெயவேலையே பார்த்துக்கொண்டிருந்த தேவப்பிரியம் திடுக்கிட்டுத் திரும்பினார். முகம் வெளுத்துவிட்டது. "நான்தான்பா சொன்னேன். சங்குக்குள்ளே பாத்துடுங்க, அப்புறம் பையன் இருக்கமாட்டான்னு. வேலைக்குப் போற பையன்னு நல்லதா நினைச்சுச் சொன்னேன்." பேசி முடிக்குமுன் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து ஓடினார். தொப்பையைத் தூக்கிக்கொண்டு அவர் ஓடியதைப் பார்த்தால் வேறு நாளில் சிரித்திருப்பேன்.

ஆக, அந்த மனிதர் பார்த்தது நடந்த ஜெயவேலை. பறந்த ஜெயவேலைப் பார்த்தது நாங்களும், எதிர் டீமும், இரண்டு மாடுகளும். இரண்டாம் சங்கு ஊதியது. மில் கேட்டும் சாத்தியாயிற்று. ஜெயவேல் அதைக் காதில் வாங்கவே இல்லை. இன்னொரு கூடை போட்டான்.

ஜெயித்தோம். சீசனிலேயே முதல் தடவை. பையன்கள் கத்திக்கொண்டே கேண்டீன் பக்கம் ஓடினார்கள். ஜெயவேல் மூச்சு வாங்க என்னிடம் வந்தான்.

"ஆபீஸர் இன்னா சொன்னாரு மாமு?"

பொய் சொல்ல எனக்குத் தெரியும். அன்றைக்கு வாயில் வரவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

நாற்காலியைத் திரும்பிப் பார்த்தான். "கடைசியா ஒண்ணு போட்டேனே, இடது கையால. அத்தயும் பாக்கலியா?"

"பாக்கல மாமு. நான்தான் பாத்தேன்."

"நல்லா இருந்திச்சா?"

"பிரமாதமா இருந்திச்சுடா," என்றேன்.

"பேஜாரா கீது," என்று சொல்லிவிட்டுக் கூடைக்குக் கீழே சிமெண்டுத் தரையில் படுத்தான். வெயில் சூடு இன்னும் இறங்காத தரை. பூட்ஸைக்கூடக் கழற்றாமல் அப்படியே தூங்கிப்போனான்.

தேவப்பிரியம் சட்டை நனைய வெறுங்கையோடு திரும்பி வந்தார். பஸ் போய்விட்டதாம். நாளைக்கே பாரிமுனைக்குப் போய்க் காலைப் பிடித்தாவது இன்னொரு தரம் பார்க்கச் சொல்கிறேன் என்றார். சொல்லும்போதே அவருக்கு நம்பிக்கை இல்லை என்பது தெரிந்தது. ஜெயவேலின் தோளைத் தொடக் குனிந்தார்.

"எழுப்பாதீங்க சார்," என்றேன். "இன்னிக்கு அவன் எங்கியும் ஓட வேணாம்."