நயாகரா பார்க்க வந்தவள்

கனடாவின் ஸ்காபரோவில் றெமிஜியஸ் அண்ணையின் பயண முகவர் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் ரிக்கற் வாங்க வருவதில்லை, ஒத்திகை பார்க்க வருகிறார்கள். ஊரிலிருந்து தாயைக் கூப்பிடுவதோ தம்பியைக் கூப்பிடுவதோ, தூதரகத்தில் என்ன கேட்பார்கள், விமான நிலையத்தில் என்ன கேட்பார்கள், எதற்கு வாய் திறக்கலாம், எதற்குத் திறக்கக்கூடாது என்பதெல்லாம் அவருக்குத் தண்ணி பட்ட பாடு. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரியாக உட்கார்ந்தாரென்றால், உண்மையான அதிகாரியே எழும்பி நின்று இடம் விடுவான். இந்தப் பயிற்சிக்கு அவர் ஒரு சதமும் வாங்குவதில்லை. ஊருக்குச் செய்கிற உபகாரம் என்பார். அதில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

ஓர்லியை அவரிடம் அனுப்பியது மகள் ஸ்டெபனி. இருவருக்கும் ஒரே பல் வைத்தியரிடம் வேலை. ஓர்லி இஸ்ரேலிலிருந்து வந்து ஏழெட்டு வருடம் இருக்கும். இங்கே சொந்தம் என்று சொல்ல ஒருவருமில்லை. வயிற்றில் ஒரு கட்டி. வெட்டி எடுத்துப் பார்த்தால்தான் நல்லதா கெட்டதா என்று தெரியும் என்றுவிட்டார்கள்.

"அப்பா, அவவின்ர அக்கா வரோணும். சும்மா ஷோர்ட் ட்ரிப்தான்," என்றாள் ஸ்டெபனி. "யூ ஆர் த பெஸ்ட் எண்டு சொல்லிப்போட்டன். மானத்தை வாங்கிப்போடாதைங்கோ."

ஓர்லி கடைக்கு வந்து உட்கார்ந்ததும் ஆங்கிலத்தில் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "மயக்கம் தெளிந்து கண் திறக்கும்போது யாயெல் என் பக்கத்தில் இருக்கவேண்டும். வேறொன்றும் வேண்டாம்." மூத்தவள் யாயெல் ஹைஃபாவில் பாலர் பள்ளி ஆசிரியை.

இஸ்ரேல் கடவுச்சீட்டுக்குக் கனடா வர விசா தேவையில்லை. கணினியில் ஓர் அனுமதி எடுத்தால் போதும். றெமிஜியஸ் விவரங்களை அடித்துவிட்டுத் தேநீர் ஊற்றப் போனார்; திரும்பி வந்தபோது அனுமதி வந்து கிடந்தது. அவருக்கு வயிறு எரிந்தது. எங்கள் சனம் வங்கிக் கணக்கும் காணி உறுதியும் கலியாணப் படமும் கட்டுக்கட்டாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க, இவர்களுக்குத் தேநீர் ஆறுவதற்குள் கதவு திறக்கிறது. திறந்த கதவுக்குப் பின்னால் நாய் நிற்காது என்று அவருடைய மனம் நம்ப மறுத்தது.

போகிற நாள், வருகிற நாள், காப்புறுதி, இடையில் இறங்கி மாறாத விமானம் எல்லாவற்றையும் அவர் ஒழுங்காகத்தான் செய்தார். அத்தோடு விட்டிருக்கலாம். விட்டாரா? மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்து ஓர்லி கடைக்கு வெளியே போன நேரத்தில், வீடியோவில் யாயெலைப் பிடித்து ஒத்திகையைத் தொடங்கினார்.

"சத்திரசிகிச்சை என்று வாயே திறக்கக்கூடாது. நோயாளியைப் பார்க்க வந்தால் லேசில் திரும்பிப் போகமாட்டாள் என்று நினைப்பார்கள். தங்கை இருக்கிறாள் என்றும் சொல்லாதீர்கள். நீங்கள் சுற்றுலாப் பயணி. நயாகரா பார்க்க வருகிறீர்கள்."

யாயெல் விளங்காமல் பார்த்தாள். "ஆனால் நான் தங்கைக்காகத்தானே வருகிறேன்? அதில் என்ன பிழை?"

றெமிஜியஸ் சிரித்தார், சின்னப் பிள்ளையின் கேள்விக்குச் சிரிப்பதுபோல. "என்னை நம்புங்கள். எனக்கு இதுதான் தொழில்." நயாகராவில் ஒரு விடுதியில் அறையும் பதிவு செய்துகொடுத்தார், பிறகு ரத்துச் செய்யலாம் என்று. பிறகு அதிகாரிக் குரலில் கேள்வி கேட்டார். அவள் இரண்டு தரம் தடுமாறினாள், மூன்றாம் தரம் தேறிவிட்டாள். ஓர்லி உள்ளே வந்ததும், "யாராவது கேட்டால் நீங்களும் நயாகரா என்றே சொல்லுங்கள்," என்றார். அவள் தலையாட்டினாள். அவளுடைய கவனம் இங்கே இல்லை.

சத்திரசிகிச்சைக்கு முதல் நாள் மாலை தானே காரோட்டி ஓர்லியை விமான நிலையத்துக்குக் கூட்டிப்போனார். விமானம் இறங்கியது. பெட்டி தள்ளிக்கொண்டு எல்லோரும் வந்தார்கள், கட்டிப்பிடித்தார்கள், போனார்கள். யாயெல் வரவில்லை. கடைசியில் ஓர்லியின் கைபேசிதான் அடித்தது. உள்ளேயிருந்து குடிவரவு அதிகாரி.

"ஆம், என் அக்காதான்," என்றாள் ஓர்லி. "நாளைக்கு எனக்குச் சத்திரசிகிச்சை. அதற்காகத்தான் வருகிறாள்."

றெமிஜியஸ் கையைக் காட்டினார், தலையை ஆட்டினார். அதற்குள் அவள் சொல்லி முடித்துவிட்டாள். கேட்டுக்கொண்டிருந்தவளின் முகம் வெளிறிப்போனது. "பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். எனக்காக வாங்கின இரவுடுப்பு, அவளுடைய கைபேசியில் நான் அனுப்பின செய்திகள் எல்லாம் கண்டுவிட்டார்கள். திருப்பி அனுப்பப்போகிறார்களாம். நீங்கள் பேசுங்கள், உங்களுக்குத் தெரியும்," என்று கைபேசியை அவருடைய கையில் திணித்தாள்.

அதிகாரி ஒரு பெண். கோபப்படாமல்தான் பேசினாள். "தங்கையின் சத்திரசிகிச்சைக்கு வருகிறேன் என்று முதலில் சொல்லியிருந்தால், இரண்டாவது கேள்வியே கேட்காமல் விட்டிருப்பேன். கனடாவில் ஒருவருமில்லை என்றாள். சுற்றுலா என்றாள். விடுதிப் பதிவைக் காட்டினாள். இனி அவள் எதைச் சொன்னாலும் நான் எப்படி நம்புவது? யார் இவளுக்கு இப்படிச் சொல்லிக்கொடுத்தது?"

றெமிஜியஸ் ஓர்லிக்குக் கேட்காதபடி கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டார். அதிகாரி கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு இணைப்பைத் துண்டித்தாள்.

"என்ன சொன்னாள்?"

"முடியாதாம்," என்றார் றெமிஜியஸ். "சட்டம் அப்படியாம்."

ஓர்லி அங்கிருந்த இருக்கையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "என் பிழை. நீங்கள் சொல்லித்தான் வைத்தீர்கள். நயாகரா என்று சொல்லியிருக்கவேண்டும். மறந்துபோய் உண்மையைச் சொல்லிவிட்டேன். என்னை மன்னியுங்கள்."

"பரவாயில்லை," என்றார் அவர்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தச் சொல் அவரைக் குத்தியது. மன்னிப்புக் கேட்கவேண்டியவன் மன்னிப்பு வழங்கிவிட்டு வந்திருக்கிறான். தன்னைப் பார்க்கவே அவருக்குக் கூசியது. காரின் கண்ணாடியைக்கூடத் திருப்பிவைத்துவிட்டார்.

ஸ்டெபனி கதவடியிலேயே பிடித்துக்கொண்டாள். "ஓர்லி எனக்கு கோல் பண்ணி ஒரே அழுகை. தான்தான் அக்காவைத் திருப்பி அனுப்பினதாம். அப்பா, ஐ டோன்ட் கெற் இற். நீங்கள் ஏன் பொய் சொல்லச் சொன்னனீங்கள்?"

"உனக்கு உது விளங்காது பிள்ளை. நான் இந்த நாட்டுக்குள்ள வந்தது வேற ஒருத்தன்ர பேரில. உண்மையைச் சொன்னவங்கள் எல்லாரையும் பிளேனில திருப்பி ஏத்தினவங்கள். என்னோட வந்த பெடியனையும் சேர்த்துத்தான்."

"அது நீங்கள். உங்களுக்கு வேற வழி இல்லை. அவைக்கு ஒளிக்க என்ன இருக்கு?"

றெமிஜியஸ் குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். அதிகாரி சொன்னதை மகளிடமும் அவர் சொல்லவில்லை. சாப்பிடாமல் போய்ப் படுத்தார். கண்ணை மூடினால், இவ்வளவு காலமும் தன் மேசைக்கு முன்னால் இருந்து ஊரிலுள்ளவர்களுக்காகப் பாடமாக்கிக்கொண்டு போனவர்கள் வரிசையாக வந்தார்கள். தூதரகத்தில் மறுத்துவிட்டார்கள் என்று திரும்பி வந்தவர்களிடம், "உங்கட ஆக்கள் சொன்ன மாதிரி பிழை, வடிவாச் சொல்லேல்லை," என்றுதான் எப்போதும் சொல்லியிருக்கிறார். அவர்களும் தலையைக் குனிந்துகொண்டு ஓம் என்றிருக்கிறார்கள். அதில் எத்தனை பேர் உண்மையைச் சொல்லியே வந்திருக்கலாம் என்று விரல்விட்டு எண்ணிப்பார்த்தார்.

காலையில் ஸ்டெபனிக்கு வேலை. ஓர்லியை மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேறு ஆளில்லாமல் றெமிஜியஸ்தான் போனார். சத்திரசிகிச்சைக்கு முன் இருத்துகிற சின்ன அறையில், பச்சை அங்கியோடு கட்டிலில் இருந்தாள் ஓர்லி. கூட வந்தது யாரென்று தாதி கேட்டதற்கு, நண்பர் என்றாள். பிறகு கைபேசியை அவரிடம் நீட்டினாள்.

"யாயெலை இரவே ஏற்றிவிட்டார்கள், கொஞ்ச நேரத்தில் போய் இறங்கிவிடுவாள். நான் உள்ளே போனதும் அவளோடு பேசுங்கள். அவள் நன்றாகத்தான் சொன்னாள், கெடுத்தது நான்தான் என்று சொல்லுங்கள்."

கைபேசியை வாங்கக் கை போகவில்லை. இதை வாங்கினால் தான் மனுசனில்லை என்று அவருக்குப் பட்டது.

"நீங்கள் கெடுக்கவில்லை," என்றார். "உண்மையைச் சொல்லியிருந்தால் உடனே விட்டிருப்பேன் என்று அந்த அதிகாரி என்னிடம் சொன்னாள். சட்டம் என்று நான் சொன்னது பொய். உங்கள் அக்காவுக்குத் தேவையில்லாத பொய்யைச் சொல்லிக்கொடுத்ததும் நான்."

ஓர்லி அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சத்தம் போடுவாள், ஏசுவாள் என்று அவர் காத்திருந்தார். அப்படிச் செய்திருந்தால் தாங்கியிருப்பார்.

"நேற்றே தெரியுமா?"

"தெரியும்."

"நான் மன்னிப்புக் கேட்டேனே, அப்போதும் தெரியுமா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஓர்லி நீட்டிய கையை மெல்ல மடக்கி, கைபேசியைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள். கட்டிலைத் தள்ள வந்த தாதி, சிகிச்சை முடிந்ததும் இவரிடம் சேதி சொல்லலாமா என்று அவளைக் கேட்டாள்.

"வேண்டாம்," என்றாள் ஓர்லி. "எனக்கு இங்கே ஒருவருமில்லை."

கட்டில் போய்விட்டது. றெமிஜியஸ் வீட்டுக்குப் போகவில்லை. காத்திருக்கும் மண்டபத்தில் ஒரு மூலைக் கதிரையில் இருந்தார். நெடுநேரத்துக்குப் பிறகு, தொப்பியைக் கழற்றியபடி வைத்தியர் ஒருவர் வந்து தாதி ஒருத்தியோடு பேசுவது தெரிந்தது. எழும்பிப் போய், ஓர்லிக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டார். அங்கே நின்றது வேறு தாதி, மாறி வந்தவள். காலையில் நடந்தது அவளுக்குத் தெரியாது.

"நீங்கள் அவருக்கு என்ன உறவு?"

சித்தப்பா என்று சொல்லியிருக்கலாம். மாமா என்றிருக்கலாம். எந்தக் குரலில், எவ்வளவு பதற்றத்தோடு சொன்னால் நம்புவார்கள் என்பது அவருக்கு உறக்கத்திலும் தெரியும்.

"உறவில்லை," என்றார் றெமிஜியஸ்.

"அப்படியென்றால் நான் ஒன்றும் சொல்ல முடியாது ஐயா, மன்னிக்கவும்."

அவர் தலையாட்டிவிட்டுத் திரும்பிவந்து அதே கதிரையில் இருந்தார். கட்டி நல்லதா கெட்டதா என்று உள்ளே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.