கயிற்றை விட்டவன் பெயர்

பாவமன்னிப்புக் கேட்கும் யோம் கிப்பூர் விரதத்துக்கு முந்தின நாள் மத்தியானத்தோடு சலோனிகா துறைமுகம் மூடிவிடும். அங்கே சுமை தூக்குகிறவர்கள் யூதர்களாகிய நாங்கள்தான். நாங்கள் போய்விட்டால் எந்தக் கப்பலும் ஒரு மூட்டை இறக்க முடியாது. உடம்பெல்லாம் புகையிலை நாற்றத்தோடு ஜெபக்கூடத்தில் நின்றோம், நாற்பது பேர்.

என் பக்கத்தில் போஹோர். நீராவி இயந்திரத்தருகே பதினைந்து வருஷம் நின்று காது போனவன். நின்று சொல்லும் ஜெபத்தை முதலில் அவரவர் வாய்க்குள் சொல்வோம். தன் காதுக்குக் கேட்டால் போதும், அடுத்தவனுக்குக் கேட்கக் கூடாது. பிறகு எழுத்துத் தெரியாதவர்களுக்காக எங்கள் குரு, ஹாஹாம், அதையே உரக்கச் சொல்வார். போஹோர் வாய்க்குள் சொன்னால் தெருவுக்கே கேட்கும்.

"ஹாஹாம், இவனைப் படிக்கட்டுல நிக்க வைங்க. என் ஜெபத்தை மேல போக விடமாட்டேங்கிறான்" என்றான் பெப்போ.

"உன் ஜெபம் என்னைக்குடா கூரையைத் தாண்டிச்சு?" என்றார் ஹாஹாம். "பழைய ஆலயத்துல பாவத்துக்கு அறுக்கிற ஆட்டையும் காணிக்கை ஆட்டையும் ஒரே இடத்துலதான் அறுத்தாங்க. எவன் எதுக்கு வந்தான்னு பாக்கிறவனுக்குத் தெரியக் கூடாதுன்னு. மெதுவா சொல்றதும் அதுக்குத்தான். உன் வசதிக்கு இல்ல."

எனக்கு எதுவும் ஏறவில்லை. பெசாஹ் பண்டிகைக்கு முன்னால், கயிற்றில் இறக்கிய புகையிலைச் சிப்பம் விழுந்து என் தம்பி சாபெதாய் செத்தான். மேலே கயிற்றைப் பிடித்தவர்கள் நாலு பேர். போஹோரும் பெப்போவும் அதில் உண்டு. யார் கை விட்டது என்று ஆறு மாதமாகக் கேட்கிறேன், ஒருத்தனும் வாய் திறக்கவில்லை. தெரிந்தால் அந்தக் கையை ஒடிப்பதாக அம்மாவிடம் சொல்லியிருந்தேன்.

ஜெபத்தின் முடிவில் நெஞ்சில் குத்திக்கொண்டு பாவங்களைச் சொல்லும் இடம் வந்தது. போஹோர் புத்தகத்தை விட்டுவிட்டு வீட்டுப் பேச்சில் பேசினான்.

"ஆண்டவனே, சாபெதாய் செத்த அன்னைக்குக் கயிறை விட்டது..."

நிறுத்தி இன்னொரு முறை நெஞ்சில் குத்திக்கொண்டான்.

முன்னாலிருந்து ஹாஹாமின் குரல் எழுந்தது. வாய்க்குள் சொல்ல வேண்டியதை உரக்கச் சொன்னார். பின்னால் ஒருவன் சேர்ந்தான். பிறகு ஒரு வரிசை. தாத்தாக்கள் காலத்திலிருந்து முணுமுணுப்பு மட்டுமே கேட்ட அந்த நேரத்தில் நாற்பது தொண்டைகள் கப்பல் சங்கு மாதிரி முழங்கின. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. காலடியில் பலகை நடுங்கியது. ஒருவனும் போஹோர் பக்கம் திரும்பவில்லை.

அவன் உதடு என் தோளுக்கு ஒரு சாண் தூரத்தில் அசைந்தது. கொஞ்சம் குனிந்தால் எனக்கு மட்டும் கேட்டிருக்கும்.

நானும் வாயைத் திறந்து கத்தினேன். ஜெபத்தைச் சொன்னேனா, தம்பி பெயரைச் சொன்னேனா, தெரியாது. என் குரல் எனக்கே கேட்கவில்லை.

போஹோர் ஜெபத்தை முடித்து, முறைப்படி மூன்றடி பின்வாங்கி வணங்கினான். கண்ணைத் துடைத்துக்கொண்டு சுற்றிலும் திறந்திருந்த வாய்களைப் பார்த்தான்.

"என்ன மெனாஹெம், ஹாஹாம் அதுக்குள்ள சத்தமா ஆரம்பிச்சிட்டாரா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

விரதம் முடிந்த மறுநாள் காலை அதே நாலு பேர் கயிற்றைப் பிடித்தார்கள். கீழே நின்று சிப்பத்தை வாங்க ஆள் வேண்டியிருந்தது. நான் போய் நின்றேன்.