யாரும் மூழ்காத ஞாயிறு

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஓர் அதட்டலில் பிறந்தது. அதட்டியவள் என் சிநேகிதி, நர்ஸ். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவள் கேட்டாள்: "உன் கதையில கடல் வந்தா யாராவது சாகறாங்க. சர்ச் வந்தா யாராவது அழறாங்க. நிம்மதியா ஒரு ஞாயித்துக்கிழமையை எழுதத் தெரியாதா உனக்கு?" எனக்குச் சுருக்கென்றது. நாளைய ஞாயிற்றையே எழுதிக் காட்டுகிறேன் என்று வீம்புக்குச் சொல்லிவிட்டேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் புதிதல்ல.

முதல் வரியாக எழுதியது: "அலை அந்த மனிதரை இரண்டாம் முறை விழுங்கியபோது—"

அடித்துவிட்டேன். அடுத்தது: "தேவாலய மணி அன்று வழக்கத்தைவிடச் சோகமாக—"

மணிக்கு என்ன சோகம்? அதை அடித்தவருக்குக் காலைப் பசி, அவ்வளவுதான். அதையும் அடித்தேன். மிஞ்சியது ஒரே வரி: அவள் தூங்க வேண்டும்.

2

விவரம் இதுதான். அவசரப் பிரிவுக்கு மாற்றப்பட்டதிலிருந்து நர்ஸுக்குத் தூக்கம் போய்விட்டது. கண்ணை மூடினால் யாரோ கூப்பிடுவது போலிருக்கிறதாம். அந்த வாரம் ஊசியைக் கையில் பிடித்தபடி, அதில் என்ன மருந்து என்பதே மறந்துபோய் நின்றிருக்கிறாள். நல்லவேளை, நின்றாள், போடவில்லை.

"நாளைக்கு ஒரு நாள் பாக்கறேன்டா. அப்பவும் தூக்கம் வரலைன்னா திங்கக்கிழமை வேலையை விட்டுடுவேன்," என்றாள். அந்த வேலைக்கென்றே பிறந்தவள் அவள். அவள் அதை விட்டுவிடுவதை நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது. அதனால்தான் நானும் பஸ்காரனும் (நகரப் பேருந்து ஓட்டுகிறவன், மூவரும் ஒரே வகுப்பு) ஞாயிறு காலை அவளை வீட்டிலிருந்து சர்ச்சுக்குக் கிளப்பினோம்.

[பஸ்காரனை இந்தக் கதையில் வைப்பதா என்று எனக்குச் சந்தேகம். அவன் ரகசியம் பேசினாலே அடுத்த தெருவுக்குக் கேட்கும். தூங்கவைக்கும் கதையில் அவன் எதற்கு? ஒரு பிரதியில் நீக்கியும் பார்த்தேன். கதை கிளம்பவே இல்லை. கார் அவனுடையது.]

3

எங்கள் போதகர் நீண்ட பிரசங்கத்துக்குப் பேர் போனவர்.* அன்றைக்குப் பொறுமையைப் பற்றிப் பேசி எங்கள் பொறுமையைச் சோதித்துக்கொண்டிருந்தார். நர்ஸின் தலை மெல்லச் சாய்ந்தது. முதலில் காற்றில், பிறகு பஸ்காரனின் தோளில். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

போதகர் பார்த்துவிட்டார். பார்த்துவிட்டு, என் கற்பனைக்கு எட்டாத ஒரு காரியம் செய்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, முடியவேண்டிய பிரசங்கத்தை மேலும் நீட்டினார். பின்வரிசையில் யாரோ பெருமூச்சு விட, வேறு யாரோ "உஷ்" என்றார்கள். அந்த மனிதரை எனக்கு அன்றுதான் முழுதாகப் பிடித்தது.

அப்போது பாடகர் குழுவில் ஒருவர் தண்ணீர் பாட்டிலைக் கீழே போட்டார். டங்.

நர்ஸ் துள்ளி எழுந்தாள். "எந்த பெட்?"

சபை முழுவதும் கேட்டது. சிரிப்பும் கிளம்பியது. அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "வீட்டுக்குப் போயிடலாம்டா," என்றாள். அவள் குரலில் அழுகை இருந்தது.

* போதகர் இதைப் படிக்க நேர்ந்தால் 'நீண்ட' என்பதை 'ஆழமான' என்று மாற்றி வாசித்துக்கொள்ளவும்.

4

வீட்டுக்கு என்று கிளம்பிய காரைப் பஸ்காரன் கடற்கரைக்கு விட்டான். விரிப்பை விரித்தோம், ஆரஞ்சு உரித்தோம். அவளோ நிமிர்ந்து உட்கார்ந்து, கடலில் குளிப்பவர்களை ஒவ்வொருவராக நோட்டம் விட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்த மஞ்சள் டவுசர் ரொம்ப தூரம் போறார்."

"போகட்டும். நீ படு," என்றேன்.

"நான் படுத்துட்டா யார் பாக்கறது?"

[இந்த இடத்தில் எழுத்தாளனுக்குக் கை அரிக்கும். ஒரு பெரிய அலை போதும். நர்ஸ் பாய்ந்தோடி மஞ்சள் டவுசர்காரரைக் கரைசேர்ப்பாள், நெஞ்சை அழுத்துவாள், அவர் இருமுவார், எல்லோரும் கைதட்டுவார்கள், அவள் வேலையில் நீடிப்பாள். எந்தப் பத்திரிகையும் வாங்கிக்கொள்ளும். எழுதக்கூடத் தொடங்கினேன்: "அவருடைய கை ஒருமுறை மேலே தெரிந்து—" பிறகு வெட்கமாகிவிட்டது. இவ்வளவு களைத்தவளுக்கு, விடுமுறை நாளில், இன்னொரு நோயாளியா? அலையைத் திருப்பி அனுப்பினேன்.]

விஷயத்தைப் பிடித்தவன் பஸ்காரன்.

"ஏய், ஆஸ்பத்திரியில டியூட்டி முடிஞ்சா சும்மா கிளம்பிடுவீங்களா?"

"அதெப்படி? அடுத்து வர்றவங்ககிட்ட ஒவ்வொரு பேஷண்ட்டா சொல்லி ஒப்படைக்கணும். அவங்க அதைத் திருப்பிச் சொல்லணும். அப்புறம்தான் கிளம்பலாம்."

"இப்ப இருக்கற வார்டுலயும் அப்படித்தானா?"

"அங்க எங்க... பாதி சொல்றதுக்குள்ள ஆம்புலன்ஸ் வந்துடும். ஒரு நாளும் முழுசா ஒப்படைச்சுட்டு..." நிறுத்திவிட்டு அவனையே பார்த்தாள்.

பஸ்காரன் எழுந்து நின்று சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டான். "எங்கிட்ட ஒப்படை."

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. எழுந்து அவன் பக்கத்தில் போய் நின்றாள்.

"மஞ்சள் டவுசர். நல்லா நீந்தறார், ஆனா கரையைத் திரும்பிப் பாக்கறதில்லை."

"மஞ்சள் டவுசர். அவர் பாக்க மாட்டார். நான் பாக்கறேன்."

"சிவப்புக் குடை அம்மா. வந்ததுலேர்ந்து தண்ணி குடிக்கலை."

"சிவப்புக் குடை. தண்ணி குடுத்துடறேன்."

"பந்து வெச்சிருக்கற புருஷன் பொண்டாட்டி. உடம்புக்கு ஒண்ணுமில்லை. சண்டை மட்டும்தான்."

"சண்டை. அதுல நான் தலையிட மாட்டேன்."

"அப்புறம் இவன்." என்னைக் காட்டினாள். "இவன்தான் ரொம்ப ஆபத்து. கதைக்காக எதையாவது பண்ணி வெப்பான்."

"எழுத்தாளர். கையைக் கட்டிப்போடறேன்."

அவள் தலையாட்டினாள். விரிப்பில் சாய்ந்தாள். பஸ்காரன் தண்ணீரோடு போய், பிறந்ததிலிருந்து முதல்முறையாகச் சைகையில் பேசிவிட்டு வந்தான். அதற்குள் குறட்டை கேட்டது. கூச்சநாச்சமில்லாத, அப்பட்டமான குறட்டை! நாங்கள் இருவரும் கையைக் கோத்துக்கொண்டு சத்தமில்லாமல் குதித்தோம். கோப்பை வாங்கிய அணிகூட அப்படிக் குதித்திருக்காது. ஜெயித்துவிட்டோம்.

5

இனி முடிவு.

(அ) பொழுது சாயும்போது விழித்து, "பசிக்குதுடா," என்கிறாள். திங்கட்கிழமை வேலைக்குப் போய், ஆம்புலன்ஸ் வந்தாலும் சரி, முழுதாக ஒப்படைக்காமல் நகரமாட்டேன் என்று அடம்பிடிக்கிறாள்.

(ஆ) வேலையை விடத்தான் விடுகிறாள். ஆனால் நன்றாகத் தூங்கியெழுந்து, தெளிந்த மனதோடு. இதுவும் எனக்குச் சம்மதம்தான்.

(இ) ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்து—

முடியாது. எழுதமாட்டேன்.

பாருங்கள், எந்த முடிவை எழுதினாலும் முதல் காரியமாக அவளை எழுப்பியாக வேண்டும். எனக்கு மனம் வரவில்லை. அதற்காக நான் இங்கேயே உட்கார்ந்திருக்கவும் முடியாது. பஸ்காரனுக்கும் கண் சொருகுகிறது. ஆகவே, இவ்வளவு தூரம் கூட வந்தவரே, கொஞ்சம் எழுந்து நில்லுங்கள்.

மஞ்சள் டவுசர்காரர் கரைப்பக்கம் திரும்பிக்கொண்டிருக்கிறார். சிவப்புக் குடை அம்மா தண்ணீர் குடித்துவிட்டார். புருஷனும் பொண்டாட்டியும் ஒரே துண்டில் தலை துவட்டுகிறார்கள். நர்ஸ் தூங்குகிறாள், முகத்தில் வெயில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எங்கே, திருப்பிச் சொல்லுங்கள். மெதுவாக.