உரித்தெடுத்த பட்டியல்

முஹ்ஸினாவிடம் போய் யாரும் முகம் கழுவும் திரவத்தைச் சும்மா வாங்கிக்கொண்டு வந்துவிட முடியாது. ஈப்போவில் ஓர் அழகுப்பொருள் கடையில் அவளுக்கு எட்டு வருட வேலை. யாராவது பாட்டிலைக் கையில் எடுத்தால் போதும், பக்கத்தில் வந்து நின்றுகொள்வாள். முன்பக்கத்துப் படத்தில் மயங்கி நிற்பவரிடமிருந்து அதை வாங்கித் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தைக் காட்டுவாள்.

"அக்கா, முன்னாடி என்னா போட்டிருக்கு? ரோஜான்னு. இப்ப பின்னாடி பாருங்க. எது அதிகமோ அதை முதல்ல எழுதணும், அதான் சட்டம். முதல்ல தண்ணி. அடுத்து நுரை வர்ற சாமான். ரோஜா எங்க நிக்குது? வாசனைக்கும் பின்னாடி, கடைசி வரியில. ரோஜா அந்தப் பக்கமா நடந்து போயிருக்கும், அவ்வளவுதான் லா."

வந்தவர் சிரித்து முடிப்பதற்குள் இன்னொரு பாட்டிலை எடுத்து, இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிட்டுவிடுவாள். இதில் நுரை ஜாஸ்தி, வறண்ட முகத்துக்கு ஆகாது. இதில் கிளிசரின் மூன்றாவதாக நிற்கிறது, கழுவிய பிறகு முகம் இழுக்காது. இதில் சாலிசிலிக் அமிலம், பருவுக்குச் சரி, ஆனால் ஆசைப்பட்டு மூன்று வேளை போட்டால் தோல் உரிந்துவிடும். முதலாளிக்கு இதெல்லாம் எரிச்சல். விலை கூடியதைக் கீழே வைக்கச் சொல்லி மலிவானதைக் கொடுத்தனுப்பும் வேலைக்காரியை எந்த முதலாளிதான் ரசிப்பார்? ஆனாலும் அவளைத் தேடிக்கொண்டு சிம்பாங் பூலாயிலிருந்தெல்லாம் பெண்கள் வந்ததால் வாயைத் திறக்காமல் இருந்தார்.

அப்படிப்பட்டவள்தான் அந்தக் காரியத்தைச் செய்தாள். கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் நாமும் திட்டிவிட்டுப் போய்விடலாம். அவள் ஆசை ஆசையாகச் செய்தாள், அதுதான் கொடுமை.

நூருல் ஹுதா அவளோடு புந்தோங்கில் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். ஹுதாவின் தகப்பனார் அப்துல் ரசாக் அங்கேயே சின்னதாகச் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். ஹுதாவுக்கு இருபது வயதில் ஒருமுறை ஏதோ ஈரக் காகிதத்தால் முகத்தைத் துடைத்ததில் கண்ணிமை வீங்கிக்கொண்டது. கிளினிக்கில் அவள் முதுகில் வரிசையாகப் பட்டைகளை ஒட்டிப் பார்த்தார்கள். சில நாள் கழித்து ஒரே ஒரு கட்டம் மட்டும் சிவந்து நின்றது. மெத்தில் ஐசோதயாசோலினோன் என்றார் டாக்டர். திரவம் கெட்டுப் போகாமலிருக்கச் சேர்ப்பது. முக்கால்வாசிப் பேருக்கு ஒன்றும் செய்யாது, ஹுதாவுக்கு மட்டும் சுத்தமாக ஆகாது.

அந்தப் பெயரை ஹுதாவால் வாயில் நுழைத்துச் சொல்லக்கூட முடியவில்லை. முஹ்ஸினாதான் மனப்பாடம் செய்தாள். அன்றிலிருந்து ஹுதாவின் முகத்துக்குப் போகும் எதுவும் முஹ்ஸினாவின் கண்ணைத் தாண்டித்தான் போயிற்று. அவள் பாட்டிலை நீட்டினால் ஹுதா திருப்பிக்கூடப் பார்க்க மாட்டாள்.

"நீ படிச்சாச்சுல்ல? போதும்," என்று பைக்குள் போட்டுக்கொள்வாள்.

முஹ்ஸினாவின் அண்ணன் அஸ்ஃபாக்குக்கும் ஹுதாவுக்கும் கல்யாணம் பேசியபோது, இரண்டு வீட்டிலும் அதிகம் குதித்தவள் முஹ்ஸினாதான். தோழியே அண்ணன் மனைவியாக வருகிறாள், வேறென்ன வேண்டும்? மாப்பிள்ளை வீட்டிலிருந்து பெண் வீட்டுக்கு அனுப்பும் ஹந்தாரான் தட்டுகளை அலங்கரிக்கும் பொறுப்பைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டாள். ஒன்பது தட்டு. சேலை ஒன்றில், செருப்பு ஒன்றில், பழம், பேரீச்சம்பழம், இனிப்பு என்று ஒவ்வொன்றாக. ஆறாவது தட்டு அழகுப்பொருள் தட்டு.

அவர்கள் வீடு, பழைய ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய தாமான் குடியிருப்பில் இருந்தது. அந்த வீட்டுக் கூடம் முழுக்க ஒரு வாரம் ரிப்பனும் கண்ணாடிக் காகிதமுமாகக் கிடந்தது. முஹ்ஸினா ஆறாவது தட்டுக்காக வெள்ளை பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். ஹுதா வழக்கமாகப் போடுவது. வாசனை இல்லை, பட்டியல் எட்டே வரி.

அவள் அம்மா ஷம்சாத் அதைப் பார்த்தாள்.

"என்னாடி இது, பாத்திரம் கழுவுற சாபுன் மாதிரி? சம்பந்தி வீட்டுல பத்துப் பேரு பாக்குற தட்டுல இதையா வைப்பே? எடு அதை."

மறுநாள் முஹ்ஸினா கடையிலிருந்து இன்னொன்றைக் கொண்டுவந்தாள். ரோஜா நிறக் கண்ணாடி, தங்க மூடி. கொரியாவிலிருந்து வந்தது. பட்டியலை அவள் படிக்காமல் இல்லை. பதினேழாவது பெயராக அது நின்றது. மெத்தில் ஐசோதயாசோலினோன். படித்துவிட்டுத்தான் கொண்டுவந்தாள்.

தட்டில் வைப்பதை யார் எடுத்துப் போடப்போகிறார்கள்? நம் வீடுகளில் ஹந்தாரான் பாட்டில்கள் கண்ணாடி அலமாரிக்குள் போய் நின்று, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்சி கொடுத்து, மூன்று வருடம் கழித்து மூடி துருப்பிடித்துக் குப்பைக்குப் போகும். ஹுதாவிடம் 'அதைத் தொடாதே' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வெள்ளைப் பாட்டிலைத் தனியாகக் கொடுத்துவிடலாம். இப்படித்தான் நினைத்தாள். தப்பான நினைப்பு என்று சொல்லவும் முடியாது.

ஆனால் அந்தப் பாட்டிலின் பின்பக்கம், உள்நாட்டில் விற்பதற்காக ஒட்டிய வெள்ளைத் தாள் ஒன்று இருந்தது. பட்டியல் அதில்தான் இருந்தது, அதற்கு அடியில் பாட்டிலில் இருந்தது முழுக்கக் கொரிய எழுத்து. கண்ணாடி வழியே பார்த்தால் அந்த வெள்ளை, ரோஜா நிறத்தைக் கெடுத்தது. முஹ்ஸினா தலைமுடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டி, நகத்தால் மெல்ல உரித்தாள். மிச்சப் பசையைத் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தாள். பட்டியல்களைக் குப்பையில் போட அவளுக்கு மனம் வராது, ஆகவே அதை ரிப்பன் பெட்டியின் மூடிக்கு உட்புறம் ஒட்டி வைத்தாள்.

தட்டு ஜொலித்தது. ஷம்சாத் மூன்று முறை வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை தட்டுகள் போயின. ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். நடுவே ஹுதாவுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று முஹ்ஸினா நினைத்தாள். பூக்காரன் வரவில்லை, சமையல்காரருக்கு ஆடு போதவில்லை, அண்ணனின் சட்டைக் கை நீளம். சொல்லிக்கொள்ளலாம், சொல்லிக்கொள்ளலாம் என்று மூன்று நாள் ஓடிப்போயிற்று.

ஞாயிறு காலை மணப்பெண் அறைக்குள் நுழைந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். ஹுதாவின் இரண்டு இமையும் உப்பியிருந்தன. கன்னத்தில் சிவப்புத் தடிப்பு, தாடையில் செதில். ஒப்பனை செய்ய வந்தவள் மேலே மேலே பூசியும் மறையவில்லை.

"என்னான்னே தெரியல முஹ்ஸி," என்றாள் ஹுதா, கண்ணைச் சொறியாமலிருக்க இரண்டு கையையும் இறுகக் கோத்துக்கொண்டு. "மாப்பிள்ளை வீட்டுச் சாமானை நிக்காஹ்வுக்கு முன்னாடி மூணு நாள் போடணும்னு பெரியம்மா சொன்னாங்க. அதைத்தான் போட்டேன். அது நீ பாத்து வச்சது, அதுல ஒண்ணும் இருக்காது. சாப்பாட்டுலதான் என்னமோ."

அப்போதே சொல்லியிருக்கலாம். அறையில் நாலே பேர். சொல்லியிருந்தால் கொஞ்சம் அழுகை, கொஞ்சம் திட்டு, அதோடு முடிந்திருக்கும். முஹ்ஸினா, "தண்ணி மட்டும் போட்டுக் கழுவு, வேற எதையும் தொடாதே," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

வெளியே ஷம்சாத்தின் காதுக்கு ஏற்கெனவே சேதி போயிருந்தது. தெலுக் இந்தானிலிருந்து வந்த சொந்தக்காரப் பெண் ஒருத்தி, பெண்ணுக்குச் சரும நோய் போல என்று பற்ற வைத்துவிட்டாள். ஷம்சாத் கல்யாண மண்டபமென்றும் பார்க்கவில்லை.

"அண்ணே, நோயை மறைச்சு என் புள்ள தலையில கட்டிட்டீங்களே. முதல்லயே ஒரு வார்த்தை சொல்லக்கூடாது?"

அப்துல் ரசாக் புதுச் சட்டை போட்டு, தலையில் தொப்பி வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் கை கொடுத்துக்கொண்டிருந்தவர். ஒரு கணம் ஒன்றும் புரியாமல் விழித்தார். பிறகு அந்த மனிதர், ஐம்பது பேர் பார்க்க, இரண்டு கையையும் சேர்த்துக்கொண்டார்.

"தங்கச்சி, எதுவா இருந்தாலும் எங்க மேல தப்புதான். மாப் பண்ணிடுங்க. புள்ளையை ஒண்ணும் சொல்லிடாதீங்க."

முஹ்ஸினா விருந்தாளிகளுக்கான பேரீச்சம்பழத் தட்டோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். நின்றுகொண்டேதான் இருந்தாள்.

ஹுதாவின் முகம் பத்து நாளில் சரியாயிற்று. ஷம்சாத்தின் மனசு சரியாகவில்லை. அப்துல் ரசாக் பழைய கிளினிக் காகிதத்தைத் தேடி எடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு வந்தார். காகிதம் யார் வேண்டுமானாலும் எழுதிக்கலாம் என்று ஷம்சாத் கையில் வாங்கவே இல்லை. அதற்குப் பிறகு அவர் மகளைப் பார்க்க வந்தால் வாசல் கேட்டோடு நின்று, பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அஸ்ஃபாக் கெஞ்சியும் உள்ளே வரவில்லை.

முஹ்ஸினாவுக்குச் சோறு இறங்கவில்லை என்றெல்லாம் சொன்னால் அது பொய். சோறு இறங்கியது, தூக்கமும் வந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு மனிதர்கள் எத்தனை நாள் வேண்டுமானாலும் ஓட்டிவிடலாம். ஒரே வித்தியாசம், கடையில் பட்டியல் படித்துக் காட்டுவதை அவள் நிறுத்திவிட்டாள். கேட்டவருக்குக் கேட்ட பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். முதலாளிக்குப் பரம சந்தோஷம்.

ஹுதா பிள்ளை உண்டாகி, ஏழாம் மாதம் நிறைந்ததும் பிரசவத்துக்கு அப்பா வீட்டுக்குப் போனாள். அடுத்த வாரம் அவளுக்குக் கொண்டுபோகும் பலகாரத் தட்டைக் கட்ட ஷம்சாத் ரிப்பன் பெட்டியைத் திறந்தாள். திறந்துகொண்டே சொன்னாள்:

"புள்ளைக்கும் அந்தத் தோல் நோய் வந்துடுமோன்னுதான் எனக்குப் பயமா இருக்கு. பொம்பளப் புள்ளையா இருந்தா நாளைக்கு யாரு கட்டுவான்?"

மூடியின் உட்புறத்தில் வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. ஓரம் மஞ்சளாகியிருந்தது, எழுத்து அப்படியே இருந்தது. இன்னும் பிறக்காத பிள்ளை மேலேயும் இது போய் விழுகிறதே என்று முஹ்ஸினாவுக்குப் பட்டது. பெட்டியை வாங்கித் தரையில் வைத்துவிட்டு, ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

ஷம்சாத் மூடியைக் கையில் எடுத்து அந்தத் தாளைப் பார்த்தாள். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"சரி, நடந்தது நடந்துபோச்சு. இதை வெளிய சொல்லாதே. அந்த மனுசன் முன்னாடி நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு நிப்பேன்?"

"அவரு அன்னிக்கு எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு நின்னாரும்மா?"

முஹ்ஸினா தாளை உரித்தெடுத்தாள். போகும் வழியில் கடையில் ஒரு வெள்ளைப் பாட்டில் வாங்கிக்கொண்டு பேருந்தில் புந்தோங் போனாள்.

ஹுதா கதவைத் திறந்து, "வா," என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். முஹ்ஸினா உட்காரவில்லை. தாளை நீட்டினாள். ஹுதா அதை வாங்காமலே பார்த்தாள்.

"பதினேழாவது," என்றாள்.

"உனக்குத் தெரியுமா?"

"கல்யாணம் முடிஞ்ச நாலாம் நாளே தெரியும். உனக்கு லீவு அன்னிக்கு உங்க கடைக்கு வந்தேன். அதே பாட்டில் அடுக்குல இருந்துச்சு, அதே தாளோட. அந்தப் பேரை எழுத்துக் கூட்டிப் படிச்சேன்."

"ஏன் சொல்லல? அம்மாகிட்ட, அண்ணன்கிட்ட..."

"நான் சொன்னா என்னா ஆகும்? நோயை மறைக்க நாத்தனார் மேல பழி போடுறான்னுதான் சொல்வாங்க. நீ சொன்னாத்தான் எடுபடும். நீ சொல்வேன்னு இருந்தேன். இன்னிக்குச் சொல்வா, நாளைக்குச் சொல்வான்னு." ஹுதாவுக்குக் கோபம் வந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவள் களைத்துப் போனவளாகத்தான் பேசினாள். "நீ அதை அங்க வச்சது எனக்குப் பெருசில்ல முஹ்ஸி. அன்னிக்கு மண்டபத்துல எங்கத்தா கையைச் சேர்த்தப்ப நீ பக்கத்துலதான் நின்னே."

முஹ்ஸினா அழுதாள். அதற்குள் கடையை மூடிவிட்டு அப்துல் ரசாக் வந்துவிட்டார். மருமகனின் தங்கை அழுவதைப் பார்த்துப் பதறி, "என்னாம்மா, யாருக்கு என்னா?" என்றார். அவரிடமும் சொன்னாள். இரண்டாம் முறை சொல்வது சுலபமாயிருக்கும் என்று நினைத்திருந்தாள். இல்லை.

அவர் பொறுமையாகக் கேட்டார். தாளை வாங்கிக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். அதில் எதுவும் அவருக்குப் புரிந்திருக்காது.

"அப்ப என் புள்ளைக்கு நோய் இல்ல."

"இல்ல மாமா."

"அது எனக்குத் தெரியும்மா," என்றார். தாளை மடித்து முஹ்ஸினாவிடமே கொடுத்துவிட்டு, தனக்குத்தானே போலக் கேட்டார்: "அன்னிக்கு அத்தனை பேருக்கு முன்னாடி நான் மாப் கேட்டேனே, அதை இப்ப என்னா பண்றது?"

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிள்ளை வெறும் வாயோடு நிற்கிறது என்று டீ கலக்கச் சமையலறைக்குப் போய்விட்டார்.

பையிலிருந்த வெள்ளைப் பாட்டில் அப்போதுதான் முஹ்ஸினாவுக்கு நினைவு வந்தது. எடுத்து நீட்டினாள்.

"உன்னோடதுதான். பழசேதான். படிச்சுட்டேன்."

ஹுதா புன்னகையோடுதான் வாங்கினாள். வாங்கி, பாட்டிலைத் திருப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, முதல் வரியிலிருந்து ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படிக்கத் தொடங்கினாள்.